மாதுமையம்மை திருக்கோயிலும் ஆயிரந் தூண்களும்

மேலைநாட்டார் உலக அதிசயங்கள் ஏழென எண்ணியவற்றுள் எபேசு நகரத்து ஆர்த்தெமிசு தேவியின் கோயிலும் ஒன்று. அறுபதடி உயரமான 127 தூண்கள் அதனைத் தாங்கி நின்றன என உரோம ஆசிரியரான பிளினி எழுதிவைத்தார். கி. மு. 356இல் எரியுண்டும் அது மீண்டும் பெருஞ்சிறப்போடு எழுந்தது. பின்னர்க் கி. பி. மூன்றாம் நூற்றாண்டிற் கோத்தியர் படையெடுப்பால் அழிவுற்றது. 1869இல் உவூட் என்னும் ஆங்கிலேயர் அக்கோயில் இருந்த இடத்தை அகழ்ந்து கண்டார். சிதைந்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூணே இன்று அங்குக் காணப்படுவது.

திருக்கோணேச்சரத்தைப் பற்றி எழுதப் புகுவார் பலரும் இத்தகைய பெருங்கோயில்களோடு அதனை ஒப்பவைத்து, 'ஆயிரங்காற் கோயில்' எனப் போற்றுவர். அஃதாவது, கோயிலின் பெருமையைத் தூண்களின் தொகையால் அளக்க முற்படுவர். அவ்வளவுகோல் தக்கதோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ஆயிரம் என்பது தமிழ் வழக்கிற் பன்மையை உணர்த்தும் சொல்லுமாகும். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளனவும் 985 தூண்களே. கோணமலையிற் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தழித்தவை மூன்று கோயில்கள் என்பது அவர்தம் குறிப்புக்களாற் பெறப்படுவது. இடித்த கற்களைக் கொண்டே அவர்கள் கோட்டை எழுப்பினர். 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் கடலுள் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். இவையெல்லாம் பெருங்கோயிலொன்று இருந்தமைக்குச் சான்றாமேயன்றி, ஆயிரம் என்னுந் தொகைக்குச் சான்றாகா.

இனி, அம்மையின் வழிபாட்டை நோக்குவாம். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் கோணமாமலைமீது பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அதன் முதற்பாட்டே மலைமகளை ஒரு பாகத்துடைய வடிவாக இறைவனைக் காட்டுகின்றது. எனவே கோணேசரை நினைந்த அடியார் உள்ளம் அம்மையைப் பிரித்து நினைந்ததில்லை. 1950இற் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட சோழர்காலப் பாணியிலான செப்புத் திருமேனிகளுள் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பிள்ளையார் ஆகியோரோடு பார்வதி திருவுருவும் இருந்தது. பாட்டும் படிமமும் ஒன்றையொன்று வலியுறுத்தும் இடம் இதுவாகும்.

இவ்விரண்டையும் விடுத்து, சங்கரர் பெயரால் வழங்கும் தோத்திரமொன்றிற் கூறப்படும் இலங்கைச் சாங்கரி தேவியின் பீடம் இதுவே என்று வரலாறுபோலச் சொல்வாரும் உளர். அத்தோத்திரம் இலங்கை என்று மாத்திரம் கூறுகின்றது. கோணமலையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. நம்பிக்கை என்ற அளவில் அதனைப் போற்றுதல் தகும். வலிய சான்று கையிலிருக்க, மெலிந்த சான்றை முன்வைத்தல் அம்மைக்குப் பெருமை சேர்ப்பதன்று.

அடுத்து நோக்கற்பாலது கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டாயினும் இது கல்லிற் பொறித்ததன்று. பாட்டும் உரைநடையும் விரவிய நூலாகும். குளக்கோட்டன் திருப்பணியைக் கலியாண்டு 512இல் நிகழ்ந்ததாக இந்நூல் கூறும். அது கி. மு. இருபத்தாறாம் நூற்றாண்டாகும். வரலாறு இதனை ஏற்காது. ஆயினும் இவ்வொரு குறைபற்றி நூல் முழுவதையும் புறந்தள்ளுதல் நெல்லோடு பதரையும் காற்றில் விடுவதாகும்.

இந்நூலின் உயிர் காலக்கணக்கில் இல்லை, தொழும்புக்கணக்கில் உள்ளது. தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் எங்கிருந்து வந்தனர், எவருக்கு எத்தொழும்பு உரியது என்பவற்றை அது வகுத்துரைக்கின்றது. பூவெடுத்தல், மாலை தொடுத்தல், நெற்குற்றுதல் போன்ற சிறுபணிகளும் அதிற் புறக்கணிக்கப்படவில்லை. கந்தளாய்க் குளமும் அதனாற் பாயும் வயலும் கோயிலின் அங்கங்களாகவே எண்ணப்படுகின்றன. நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலச் சாசனம் கோணமலை மச்சகேச்சரத்துக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுவதனால், நிலத்தொடு பிணைந்த இவ்வமைப்பு வெறுங்கற்பனையன்று என்பது துணியப்படும்.

எபேசிலும் தேவியைச் சார்ந்து பிழைத்த மக்கள் பலர் இருந்தனர். தேவியின் சிறு கோயில்களை வெள்ளியிற் செய்து விற்ற தட்டார் தம் தொழில் கெடுமென அஞ்சிக் கலகம் விளைத்த செய்தி விவிலியத்தில் உண்டு. அப்பற்று ஊதியத்தைச் சார்ந்தது. கிறித்தவம் பரவி ஊரவர் சமயமும் மாறியபின், ஆர்த்தெமிசு தொழுவாரற்ற தெய்வமாயினாள். கோணமலையிலோ கற்கோயில் வீழ்ந்தபின்னும் தொழும்பு வீழ்ந்திலது. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. அங்கு அம்மை ஹம்சகமனாம்பிகை என்னுந் திருநாமத்தோடு வழிபடப்பட்டாள். மலையுச்சியிலும் 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்து மாதுமையம்மை மீண்டும் எழுந்தருளினாள்.

இங்கும் ஒன்று மறக்கலாகாது. கோணேசர் கல்வெட்டு தொழும்பைப் பிறப்பால் வரையறுத்தது. எவரும் தாமாக விரும்பிச் செய்யும் பணியாக அதனைக் கருதவில்லை. கோயிலைக் காத்த அதே வரையறை மக்களை மேல்கீழாக நிறுத்தவும் செய்தது. நூலைப் போற்றுவார் இக்குறையை மறைத்தலும், தூற்றுவார் அப்பயனை மறைத்தலும் நடுவுநிலையாகா.

தூண்களை எண்ணுவார்க்கு எபேசில் எஞ்சியது ஒன்று. கோணமலையில் எஞ்சியவை கடலடியிற் கிடக்கின்றன. பணிகளை எண்ணுவார்க்கோ கணக்கு வேறாகும். கோணேச்சர வரலாற்றை எழுதப்புகும் இளைஞர் ஆயிரம் என்னுஞ் சொல்லை ஒருபுறம் வைத்து, ஏட்டையும் சாசனத்தையும் படிமத்தையும் ஒப்புநோக்கி எழுதுவாராயின், அம்மையின் புகழுக்கு அதனினும் உறுதியான தூண் வேறொன்று வேண்டா.