அரைப்படி நெல்லும் முன்பணக் கணக்கும்

தஞ்சைத் தரணியின் உழவர் துயரைச் சொல்லும் நாவல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ முதலில் நினைவுக்கு வரும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதே அந்த மக்கள் செய்த பெருங்குற்றம். அக்கொடுமையைக் கருவாகக் கொண்டு 1975இல் வெளிவந்த இந்நாவல், 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. நன்னிலத்தில் வாழ்பவருக்கு வெண்மணி தொலைவூர் அன்று. ஆதலால் இந்நாவலை நாம் வெறும் கதையாகப் படித்துவிட்டு மூடி வைக்க இயலாது.

ஆசிரியரின் துணிவைப் பாராட்டுவது நம் கடமை. பிறர் பேசத் தயங்கிய ஒன்றை அவர் பேசினார். எனினும், மிராசுதார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையை வேராகக் காட்டியது பெரும்பிழை என்று திறனாய்வாளர் பலர் அன்றே கூறினர். அக்குறை உண்மையானதே. ஆனால் அது எவ்வாறு பிழையாகிறது என்பதை இன்னும் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். உடல்நலமும் நல்ல குடும்பமும் கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கும் கையும் உடைய ஒரு மிராசுதார் அந்த அரைப்படியைத் தந்திருப்பாரா? தந்திருக்கமாட்டார். அவருடைய மனத்தைவிட அவருடைய கணக்கு வலியது. ஒருவனைக் கொடியவனாக்கிக் காட்டும்போது, அந்தக் கணக்கு நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

அந்தக் கணக்கு மிகவும் பழையது. திருமணத்துக்கோ சாவுக்கோ பண்ணையில் வாங்கிய கடனுக்காகத் தகப்பன் உழைத்தான். அவனுக்குப் பின் மகன் உழைத்தான். தஞ்சைப் பண்ணையாள்களின் பாதுகாப்புக்கென 1952இல் தனிச் சட்டமே வந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்தியா முழுவதிலும் அத்தகைய கடன்களைச் செல்லாதவையாக்கியது. கடன் செத்துவிட்டது என்று சட்டம் சொன்னது. ஆயினும் ‘முன்பணம்’ என்னும் பெயரில் அது மீண்டும் பிறந்து கொண்டேயிருக்கிறது.

இக்கணக்கை நன்கு புரிந்துகொண்ட நூல் ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவலின் தமிழாக்கம் இது. தமிழில் தந்தவர் இரா. முருகவேள். நெல்லைச் சீமையின் பஞ்சத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். உழைக்க உழைக்கக் கடன் தீர்வதில்லை. இங்கே தனிமனிதக் கோணல் எதுவும் தேவைப்படவில்லை. ஏட்டில் எழுதும் எண்களே விலங்காகின்றன. ‘குருதிப்புன’லை விட இந்நூல் ஓர் அடி முன்னே செல்கிறது எனலாம்.

ஆனால் இந்நூலும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அந்தத் தேயிலையை மலிவாக வாங்கியவர் யார், விலையைக் குறைத்துக் கேட்டவர் யார் என்பவை கதைக்குள் போதிய அளவு வருவதில்லை. மிராசுதாரையும் மேஸ்திரியையும் கண்டு நாம் கொதிக்கிறோம். கொதித்தபடியே தேநீரைப் பருகுகிறோம். வாங்குபவனை நம் இலக்கியம் இன்னும் கூண்டில் ஏற்றவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இது பழங்கதை அன்று. 2018இல் கஜா புயல் அடித்தபின், டெல்டாப் பகுதியில் சில சிறுவர்கள் முன்பணத்துக்கு ஈடாக ஆடு மேய்க்க ஒப்படைக்கப்பட்டு, அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகள் வந்தன. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது எருவுக்காக. அந்த எருவில் அடுத்த போகம் விளைகிறது. விளைந்த நெல் ஆலைக்குப் போகிறது. ஆலைகள் சிலவற்றிலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்தால் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்ட வரலாறு வடமாவட்டங்களில் உண்டு. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் வீட்டுச் சோற்றுப்பானை.

நம் மக்களுள் வணிகர் மிகுதி. அரிசி மண்டி, துணிக்கடை, மலேசியாவில் உணவகம் எனப் பல தொழில்கள். அதே வேளையில், வளைகுடா நாடுகளில் கடவுச்சீட்டை முதலாளியிடம் பறிகொடுத்து, ஊர் திரும்ப வழியின்றித் தவித்த பிள்ளைகளும் நம் வீடுகளில் உண்டு. அந்த வேதனையை அறிந்த நாமே நம் கடைக்கு வரும் சரக்கைப் பற்றிக் கேள்வி கேட்காமல் இருப்பது முறையா?

மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக இறைவன் கூறுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சுதந்திரமான மனிதனை விற்று அக்கிரயத்தை உண்டவனும், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனும் அம்மூவருள் அடங்குவர். ஆள் விற்பதும் கூலி மறுப்பதும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இல் நம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

பிரிட்டன் 2015இல் இயற்றிய சட்டம், ஆண்டுக்கு மூன்று கோடியே அறுபது லட்சம் பவுனுக்குக் குறையாத வரவுள்ள நிறுவனங்கள் தம் சரக்கு வரும் வழியில் அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடப் பணிக்கிறது. எதுவும் செய்யவில்லை என்று எழுதினாலும் சட்டம் நிறைவேறிவிடும்! காகிதத்தின் வலிமை அவ்வளவே. அதனினும் உறுதியானது 2022இல் திண்டுக்கல்லில் கண்ட உடன்பாடு. பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்க, பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கமும் ஆடை நிறுவனமும் வெளிநாட்டுக் கொள்முதலாளரும் கையெழுத்திட்டனர். அங்கே வாங்குபவரும் பொறுப்பேற்றார்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வேலையாளுக்கு முன்பணம் உண்டா? அவர் கூலி அவர் கையிலேயே சேருகிறதா? அவருடைய அட்டைகள் யாரிடம் உள்ளன? நாளை வேறிடம் போக விரும்பினால் போக விடுவார்களா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, ‘மலிவு’ என்னும் சொல்லை நாம் ஐயத்தோடு பார்ப்பது நலம்.

மிராசுதாரின் கதை எழுதப்பட்டுவிட்டது. மேஸ்திரியின் கதையும் எழுதப்பட்டுவிட்டது. கடைக்காரரின் பேரேட்டைத் திறந்து காட்டும் நாவல் தமிழில் இன்னும் வரவேண்டும். அதை எழுதத் தகுந்தவர்கள் நம் வணிகக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஏனெனில் அந்தப் பேரேடு அவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.