சிமியன் வகுத்த பிரசங்கச் சட்டகம்

கிழமைதோறும் மேடையேறிப் பேசக் கடமைப்பட்டோர்க்குப் பிறர் உழைப்பைக் கடன்கொள்ளும் எண்ணம் எழுதல் இயல்பே. ஆறுமுக நாவலர் 1847-ஆம் ஆண்டிறுதியில் வண்ணார்பண்ணைச் சிவாலயத்தில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கியபின் இவ்விடர் சைவ மேடைக்கும் உரியதாயிற்று. ஆகலின் இங்கிலாந்துக் குருமார் இதற்குக் கண்ட வழிகளை ஆராய்தல் பயனுடைத்து.

ஜான் டிரஸ்லர் என்னும் குரு 1769-இல் ஓர் எளிய வழி கண்டார். ஏறக்குறைய 150 பிரசங்கங்களைக் கையெழுத்தே போலத் தோன்றும் அச்சிற் பதித்து, ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்க முற்பட்டார். கற்கும் வருத்தமும் பெயர்த்தெழுதும் வருத்தமும் குருமாருக்கு ஒழியுமாம்! அயலிருந்து நோக்குவோர் அவ்வேட்டைக் குருவே எழுதியதென்று கொள்வர். இது வஞ்சனையேயன்றிப் பிறிதன்று.

சார்லஸ் சிமியன் (1759–1836) கண்ட வழி வேறு. இவர் கேம்பிரிட்ஜ் நகரத்துத் திரித்துவ ஆலயத்தில் 1782 முதல் இறக்குமளவும் 54 ஆண்டு போதித்தவர். தொடக்கத்தில் சபையார் இவரை வேண்டாராய்த் தத்தம் இருக்கைகளைப் பூட்டிவிட, கேட்க வந்தோர் நடைவழியில் நின்றே கேட்டனர். பிரெஞ்சுப் போதகர் கிளோத் இயற்றிய பிரசங்க இலக்கணத்தை இவர் 1796-இல் 100 பிரசங்கச் சட்டகங்களோடு வெளியிட்டார். எலும்புக்கூடு என்பதே அவற்றிற்கு அவர் இட்ட பெயர். அவை பெருகி, 1833-இல் 21 தொகுதிகளில் 2,536 ஆயின. நம் உரைவழக்கில் வைத்துச் சொல்லின், டிரஸ்லர் விற்றது விருத்தி. சிமியன் தந்தது காண்டிகை.

அவர் முறையின் உயிர்நிலை யாதெனின், எடுத்த வேதவாக்கியத்தின் பொருளை ஒரு தொடரில் அடக்கி, பகுப்புக்களை அவ்வாக்கியத்தினின்றே பிறப்பித்தலாம். தாம் கருதியதை வாக்கியத்துள் நுழைத்தல் கூடாது. அதனுள் உள்ளதையே வெளிக்கொணர்தல் வேண்டும். இதனை அவர் பெயரளவிற் சொல்லி விட்டவரல்லர். இறைவன் தெரிந்துகொள்ளுதலை வற்புறுத்தும் கால்வின் கொள்கையினர்க்கும் மக்கள் விருப்புரிமையை வற்புறுத்தும் அர்மீனியர்க்கும் பெரும்பூசல் நிகழ்ந்த அந்நாளில், இருசாரார்க்கும் உரிய வாக்கியங்களை நெரித்து ஒருவழிப்படுத்தாது, அவ்வவை சொல்லியாங்கே விரித்தார். தம் சித்தாந்தத்துக்கு மாறுபடத் தோன்றும் சுருதியைக் கண்டவுடன் வளைக்கத் தொடங்கும் உரைகாரர் எச்சமயத்தில் இல்லை? அவர்க்கு இத்துணிவு அரிது.

இனிக் குற்றம் ஒன்றுளது. கேட்போனாகிய பாவியைத் தாழ்த்துகின்றதா, இரட்சகரை உயர்த்துகின்றதா, தூய ஒழுக்கத்தை வளர்க்கின்றதா என்னும் மூன்றையும் ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் அவர் உரைகல்லாக வைத்தார். வாக்கியம் என்ன சொல்லும் என்று கேட்குமுன்னரே அது முடியவேண்டிய இடம் இதனால் வரையறுக்கப்படுகின்றது. காதற்பாட்டும் பழமொழியும் வமிசவரலாறும் விரவிய நூலில் எல்லாம் ஒரே துறையிற் கரைசேர்தல் யாங்ஙனம்? சட்டகங்களைத் தொடர்ந்து கற்பார்க்கு வாக்கியம் வேறுபடினும் முடிபு வேறுபடாமை புலனாம். தாமே வகுத்த முதல் விதியை இவ்வுரைகல்லால் அவர் தாமே நெகிழ்த்தினார்.

அற்றேல் இத்தொகுதிகளாற் பயனின்றோ எனின், அவரிடம் நேரிற் பயின்றார்க்கு உண்டு. பல்கலைக்கழக மாணாக்கரைத் தம் அறையிற் கூட்டி, வாக்கியம் ஒன்று கொடுத்து, அவர்கள் வகுத்து வந்த சட்டகங்களைப் பல்லாண்டு திருத்தி வந்தார். எலும்பின்மேல் தசை படியும் விதத்தை அவர்கள் அங்கே கண்டனர். விலைகொடுத்துத் தொகுதிகளை மட்டும் வாங்கினார்க்குக் கிட்டியது எலும்பே.