கட்டணச் சுவரும் கைமாறும் பத்திரிகையும்

தில்லி சாவ்ரி பஜாரில் முப்பத்தெட்டு வருஷமாகக் காகித வியாபாரம் செய்கிறவன் நான். பள்ளிப் படிப்போடு சரி; மற்றதெல்லாம் கடையைச் சாத்திய பிறகு தானே படித்துக்கொண்டது. இணையப் பத்திரிகைகள் எழுப்பியிருக்கும் கட்டணச் சுவர், அதாவது காசு கட்டினால்தான் கட்டுரை திறக்கும் ஏற்பாடு, அதைப்பற்றிய ஆராய்ச்சிகளை ஒரு வருஷமாகத் தேடிப் படித்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பலவும் காசு கேட்கும் சுவருக்குப் பின்னால்தான் கிடக்கின்றன!

சுவர் ஏன் வந்தது என்பதில் எனக்குச் சண்டையில்லை. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005இல் சுமார் 4,900 கோடி டாலர். 2018இல் சுமார் 1,400 கோடி. எந்தக் கடை தாங்கும்? என் குறையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான்.

லெஸ்லி சியூ, கேத்தரின் டக்கர் இருவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரை, உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் சுவர் வந்ததும் வருகை 51 சதவீதம் விழுந்தது என்கிறது. இளவயதினரிடம் சரிவு இன்னும் அதிகமாம். நேர்மையான வேலை, ஆனால் வாசலில் நின்று தலை எண்ணுகிற வேலை. நியூயார்க் டைம்ஸ் 2011இல் எழுப்பிய சுவரை ஆராய்ந்து 2019இல் வந்த இன்னொரு கட்டுரை, இணைய வாசகர் குறைந்தாலும் அச்சுப் பத்திரிகைச் சந்தாவுக்கு அது சற்றே கைகொடுத்தது என்று காட்டுகிறது. இது கல்லாப்பெட்டிக் கணக்கு. அதுவும் வேண்டியதுதான், வியாபாரி நானே வேண்டாமென்று சொல்வேனா?

இரண்டு கட்டுரைகளும் இலவசம், கட்டணம் என்ற இரண்டையே எதிரெதிரே நிறுத்துகின்றன. நம் ஊரில் பத்திரிகை என்றைக்கு ஐயா இலவசமாக வந்தது? வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே ஒரு தினத்தந்தி. காசு கொடுத்தவர் கடைக்காரர். படித்தவர்கள் முப்பது பேர், எழுத்தறியாதவர்கள் காதால் கேட்டார்கள். விலை இருந்தது, சுவர் இல்லை. ஏடு பிரதி பண்ணிக் கொடுப்பதைச் சாத்திர தானம் என்று வைத்த சமூகத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இது பெரிசாகப் படுகிறது.

நியூயார்க் டைம்ஸ் இதை அனுபவத்தில் கண்டது. 2005இல் தன் பத்தி எழுத்தாளர்களைச் சுவருக்குள் வைத்தது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வந்தும் 2007இல் திறந்துவிட்டது. இடையில் தாமஸ் ஃபிரீட்மன், இந்தியா போன்ற வெளிநாட்டு வாசகர்களிடமிருந்து தன்னை வெட்டிவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே வருந்தினார். பின்னாளில் சந்தாதாரர் மாதம் பத்துக் கட்டுரைகளைப் பிறருக்குப் பரிசாக அனுப்பலாம் என்று ஒரு ஜன்னல் வைத்தார்கள். கைமாறும் வாசகனின் மதிப்பு பத்திரிகைக்காரனுக்குப் புரிந்துவிட்டது.

ஓ, அனிமேஷ், பின்சோனோ மூவரின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரை மட்டும் நான் தேடியதற்குப் பக்கத்தில் வருகிறது. சுவருக்குப் பின் அந்தப் பத்திரிகைக் கட்டுரைகளை ஒருவருக்கொருவர் பகிர்வது எப்படி மாறிற்று என்று பார்த்தார்கள். அங்கேயும் முடிவில் பத்திரிகைக்கு ஆள் வரத்து என்ன ஆயிற்று என்பதே கேள்வி. செய்தி யாரைப் போய்ச் சேராமல் நின்றது என்பதல்ல.

யாரை என்று நான் சொல்கிறேன். என் கடைப் பையன் பீகார்க்காரன், வயது இருபத்திரண்டு. வெளிமாநிலத்தார் ரேஷன் கார்டெல்லாம் ரத்து என்று அவன் போனுக்கு ஒரு புரளி வந்தது. புரளிக்கு ஏது சந்தா? அது பொய் என்ற செய்தி நான் சந்தா கட்டும் பத்திரிகையில் இருந்தது. அனுப்பிவைத்தேன். "சேட்ஜி, பைசா கேட்கிறது" என்று போனை நீட்டினான். கடைசியில் அவனையும் நாலு மூட்டைத் தூக்கிகளையும் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் வரிவரியாகச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கோடவுன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. பத்திரிகையின் கணக்கில் அன்றைக்கு வருகை ஒன்று.