அச்சத்தின் வர்க்கம்: பிக்கினிச் சாம்பலும் யப்பானியத் திரைப்படங்கள் மூன்றும்

கடலைக் காணாமலே கடலை உண்டு வாழும் சமுதாயங்கள் உள. ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்கள் அத்தகையன. பூனாகலையின் தேயிலை மலைகளில் நின்று நோக்கின், வானந் தெளிந்த பொழுதுகளிலே தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பது தெரியும். கடல் அதற்கும் அப்பாலுள்ளது. ஆயினும் பண்டாரவளைச் சந்தையிலோ கொஸ்லந்தைக் கடைகளிலோ வாங்கப்பட்டு லயத்து அடுப்பினை அடையும் நெத்தலியும் கட்டாக் கருவாடும் டின் மீனும் இம்மக்களின் உணவிற் கடல் பெறும் இடத்தை உணர்த்துவன. அக்கருவாடு எந்தக் கடலிற் பிடிபட்டது, எந்தக் கரையில் உலர்ந்தது என்று எவரும் வினவுவதில்லை. வினவினும் கடைக்காரரிடத்து விடை இராது. கடலிற் கதிரியக்கம் கலந்துவிட்டது, மீன் நஞ்சாயிற்று என்ற அச்சம் உலகில் எழும்போதெல்லாம் அது கரையோரத்தாரின் கவலையென்றும் நகரத்து நுகர்வோரின் கவலையென்றும் கொள்ளப்படுகின்றது. மலையிலிருந்து நோக்குவார்க்கு அதன் மற்றொரு முகம் தென்படும். அவ்வச்சம் நியாயமானதா என்ற வினாவுக்கு முன்னதாக, அஞ்சுவதற்கு வசதி படைத்தோர் யாவர் என்ற வினா அவர்களுக்கு எழுகின்றது. இவ்வினாவைக் கையிற் கொண்டு, இப்பொருள்பற்றித் தோன்றிய முதற் கலைப்படைப்புகளுட் சிலவற்றை மதிப்பிடல் பயனுடையது.

வரலாறு சுருக்கமானது. 1954 மார்ச் 1ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிக்கினித் தீவுத்தொகுதியில் 'காசில் பிராவோ' எனும் ஐதரசன் குண்டினை வெடிக்கச் செய்தது. ஏறத்தாழ ஆறு மெகாதொன் எனக் கணிக்கப்பட்ட அதன் வலு பதினைந்து மெகாதொன் ஆயிற்று. யெய்சு துறைமுகத்துச் சூரைமீன் படகாகிய 'ஐந்தாம் புக்குரியு மாரு' அபாய வலயமென அறிவிக்கப்பட்டிருந்த எல்லைக்கு வெளியே நின்றது. எனினும் வெண்சாம்பல் அதன் தளத்தின் மீது மழையெனப் பொழிந்தது. அதிலிருந்த மீனவர் 23 பேர். மார்ச் 14இல் அவர்கள் கரை சேர்ந்தனர். பிடித்த மீன் சந்தைக்குச் சென்றது. 16இல் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு இறுதிவரை யப்பானியத் துறைமுகங்களில் மீன்கள் கதிர்மானியால் அளக்கப்பட்டன. எண்ணூற்றுக்கு மேற்பட்ட படகுகளின் மீனிற் கதிரியக்கம் காணப்பட்டு, நூற்றுக்கணக்கான தொன் மீன் புதைக்கப்பட்டது அல்லது கடலிற் கொட்டப்பட்டது. படகின் வானொலி இயக்குநர் ஐக்கிச்சி குபொயாமா செப்டெம்பர் 23இல் இறந்தார். அவருக்கு வயது 40. தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் இல்லத்தரசிகள் முன்னின்று தொடக்கிய கையொப்ப இயக்கம் 1955 ஆகஸ்டில் மூன்று கோடியைத் தாண்டிற்று. சமையலறையிலிருந்து எழுந்த அரசியல் இயக்கங்களுள் இது தலையாயது எனலாம். இதற்கு ஈடான ஒன்றைத் தென்னாசியாவிற் காட்டல் அரிது.

இந்நிகழ்ச்சிகள் நடந்த ஆண்டிலேயே, நவம்பர் 3ஆம் நாள், இஷிரோ ஹொண்டாவின் 'கொட்சிலா' வெளிவந்தது. பிற்காலத்தில் அப்பெயர் தாங்கிவந்த கேளிக்கைப் படங்களின் வாயிலாக அதனை அறிந்தோர் மூலப்படத்தைப் பொருட்படுத்துவதில்லை. அது பிழை. கடலிற் செல்லும் கப்பலொன்று ஒளிப்பிழம்பில் மறைவதுடன் படம் தொடங்குகின்றது. யெய்சுப் படகின் நினைவு மங்காத பார்வையாளர்க்கு அதன் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மீனவர் வாழும் தீவொன்றிற் கிணறுகள் கதிரியக்கத்தால் மாசுற்றனவென்று அறிஞர் கூற, தன் பக்கத்துக் கிணறு மட்டும் கெட்டது எவ்வாறு என்று கிராமத்தவர் ஒருவர் கேட்கின்றார். பாராளுமன்றக் குழுவின் முன் நிகழும் விவாதம் அதனினும் கூரியது. உண்மையை வெளியிட்டாற் பீதி பரவும், வெளியுறவு கெடும் என்று ஒரு சாரார் மறைக்க முனைகின்றனர். பெண் உறுப்பினர்கள் வெளியிட்டே ஆகவேண்டும் என்று கூச்சலிடுகின்றனர். கதிரியக்கம்பற்றிய பொதுமக்கள் அச்சத்தின் அரசியல் முழுவதும் இச்சில நிமிடங்களில் அடங்கிவிடுகின்றது.

ஆயினும் பூதமொன்றைப் படைத்தவுடனே படம் தன் பொருளிலிருந்து வழுவத் தொடங்குகின்றது. பூதத்தைக் காணலாம், அதன் காலடி ஓசையைக் கேட்கலாம், அதனைக் கொல்லவும் செய்யலாம். மீனின் தசையிற் புகுந்த சீசியத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணுக்குப் புலனாகாமையே இவ்வச்சத்தின் உயிர்நிலை. அதனைக் கண்ணுக்குப் புலனாக்கிய கலை மக்களுக்கு ஓர் ஆறுதலை வழங்கிற்றேயன்றித் தெளிவை வழங்கவில்லை. பூதத்தை அழிக்கும் கருவி தோக்கியோக் குடாவின் நீரிலுள்ள உயிரனைத்தையும் அழிப்பது என்பதைப் படம் காட்டுகின்றது. அக்குடாவை நம்பிய மீனவர் நாளை என் செய்வர் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. 1956இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பதிப்பிற் குண்டுச் சோதனை பற்றிய உரையாடல்கள் பல வெட்டப்பட்டன. பூதம் மட்டும் எஞ்சிற்று.

கனெத்தோ ஷிண்டோ 1959இல் நெறிப்படுத்திய படம் படகின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. தூண்டிற் கயிறு இழுத்தல், மீன் அடுக்கல், உறக்கம், உணவு எனத் தொழிலின் நாளாந்தத்தை அது பொறுமையுடன் பதிவுசெய்கின்றது. நேர்மையான படைப்பு, எனினும் மீனவர் மருத்துவமனை புகுந்தபின் அவர்களது குரல் தாழ்ந்து, மருத்துவரும் செய்தியாளரும் அதிகாரிகளுமே பேசத் தலைப்படுகின்றனர். இக்குறை படத்தினுடையதா, அன்றி நடந்ததை நடந்தவாறு காட்டியதன் விளைவா என்பது விவாதத்துக்குரியது. தமிழில் இவ்வழிக்கு அண்மையது ஆர்.பி. அமுதனின் 'கதிர்வீச்சுக் கதைகள்' என்ற விவரணப்பட வரிசை. மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் எனத் தமிழகக் கரையோரத்தின் கதையை அவ்வூர் மக்களின் வாய்மொழியாகவே கேட்கச் செய்வது அதன் பலம்.

அகிரா குரோசவா 1955இல் உருவாக்கிய படமே இங்கு விரிவாக நோக்கத்தக்கது. யப்பானிய மொழியில் அதன் தலைப்பு 'உயிர்வாழும் ஒன்றன் பதிவு' எனப் பொருள்படும். இசையமைப்பாளர் புமியோ ஹயசக்கா நோயுற்றிருந்த காலத்தில் நெறியாளருடன் நிகழ்த்திய உரையாடலிலிருந்து இதன் கரு பிறந்தது. படம் நிறைவுறுமுன்பே அவர் மறைந்தார். வார்ப்பாலை உரிமையாளராகிய கிழவர் நகஜிமா குண்டுக்கும் அதன் சாம்பலுக்கும் அஞ்சுகின்றார். நிலவறை கட்ட முயன்று கைவிட்ட அவர், தம் குடும்பம் முழுவதையும் பிரேசில் நாட்டுக்கு அழைத்துச்செல்ல முடிவுசெய்கின்றார். மனைவி மக்கள் மட்டுமன்றி ஆசைநாயகியரும் அவர்தம் பிள்ளைகளும் அப்பட்டியலில் அடங்குவர். சொத்து அழியும் என அஞ்சிய மக்கள், அவர் தம் காரியங்களைத் தாமே நடத்தத் தகுதியற்றவரென்று தீர்க்குமாறு குடும்ப நீதிமன்றத்தை நாடுகின்றனர். அக்காலத்தில் 35 வயதினராகிய தொஷிரோ மிபுனே இம்முதியவராக நடித்தமை வியக்கப்படுவது. உண்மையில் ஒப்பனை சிலவிடங்களில் நடிப்பை விழுங்கிவிடுகின்றது.

விமரிசகர் பலர் இப்படத்தை ஒரே வினாவிற் சுருக்கினர்: பித்தர் எவர், அஞ்சுகின்ற கிழவரா, அஞ்சாது வாழும் ஏனையோரா? நீதிமன்றத்து மத்தியஸ்தராக வரும் பல் வைத்தியர் ஹரதாவின் வாயிலாகப் படமே இவ்வினாவை மீண்டும் மீண்டும் எழுப்புகின்றது. அவர் உறுத்தும் மனச்சாட்சி உடையவர். பார்வையாளர் எவ்வாறு எண்ணவேண்டும் என்பதை அவரது முகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றது. இது நாடகத்துக்கு உதவினும் சிந்தனைக்கு உதவவில்லை. கிழவர் பித்தரா இல்லையா என்பது இரண்டு விடைகளை மட்டும் ஏற்கும் வினா. படத்தினுள்ளேயே அதனினும் ஆழ்ந்த வினாவொன்று உண்டு. அதை எழுப்புவோர் ஆலைத் தொழிலாளர்.

ஆலை இருக்கும்வரை மக்கள் வரமாட்டார்கள் என்று கண்ட கிழவர், ஓர் இரவில் அதற்குத் தாமே தீ வைக்கின்றார். மறுநாள் கரிந்த இரும்புக்கும் ஈரச் சாம்பலுக்கும் இடையே தாமே எரித்ததை ஒப்புக்கொள்கின்றார். அப்போது தொழிலாளர் முன்வந்து, உம் குடும்பம் தப்பினாற் போதுமா, எங்கள் கதி யாது என்ற கருத்துப்படக் கேட்கின்றனர். கிழவர் சேற்றில் முழந்தாளிட்டு, அவர்களையும் அழைத்துச் செல்வதாக வாக்களிக்கின்றார். அவ்வாக்கு நிறைவேறக்கூடியதன்று என்பதை அங்கு நின்ற அனைவரும் அறிவர். முதலாளியின் உண்மையான அச்சம் தொழிலாளியின் உண்மையான பட்டினியாக மாறும் இக்கணமே படத்தின் உயிர். அச்சம் பொய்யன்று; கிழவர் கொடியவரும் அல்லர். ஆயினும் அவரது அச்சத்துக்கான விலையைச் செலுத்துவோர் பிறர்.

தோட்டப்புறத்திலிருந்து இப்படத்தை நோக்குவார்க்கு இக்காட்சியின் கனம் சற்று மிகுதியாகவே தோன்றும். ஒரு குடும்பம் முழுவதையும் கடல் கடத்தி வேற்று நாட்டிற் குடியேற்றும் முடிவை எவரோ ஒருவர் எடுப்பதென்பது மலையகத்துக்குக் கற்பனையன்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வர் என்றும் 3,00,000 பேர் இலங்கைப் பிரசைகளாவர் என்றும் எழுதிற்று. தொழிலாளர் அதற்கு முன் வினவப்படவில்லை. நகஜிமாவின் மக்களாவது நீதிமன்றம் சென்று வழக்காடினர்.

கூடங்குளத்தில் நிகழ்ந்ததை இப்படத்தின் ஒளியில் நோக்குதல் தகும். 2011 மார்ச் 11இல் புக்குஷிமா விபத்து நேர்ந்தபின், திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையில் அமைந்த அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மீனவர் உண்ணாநோன்பிருந்தனர். 2012 செப்டெம்பரில் அவர்கள் கடலினுள் இறங்கி நின்று போராடினர். கடல் கெட்டால் மீன் கெடும், மீன் கெடாவிடினும் கெட்டதென்ற பேச்சே சந்தையை அழிக்கும் என்ற கவலை அவர்களுடையது. பின்னையது நுட்பமான கருத்து. பல அறிஞர் கவனியாது விட்டது. அவ்வாண்டில், போராடுவோருக்கு உளவளத்துணை வழங்கப் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனத்து மருத்துவரை இந்திய மத்திய அரசு நாடியதாகச் செய்திகள் வந்தன. கிழவர் நகஜிமாவை மனநோய் மருத்துவமனையிற் சேர்த்துவிட்டு அமைதியடைந்த குடும்பத்தினை இச்செய்தி நினைவூட்டாதிருக்க முடியாது. 2013 மே 6இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கத் தடையில்லை எனத் தீர்த்தது.

அச்சத்தை நோயாகக் காண்பது ஒரு முறை. அதனை வதந்தியாகக் காண்பது மற்றொன்று. யப்பானில் இதற்கெனவே ஒரு சொற்றொடர் வழங்குகின்றது. 'பூஹ்யோ ஹிகாய்' என்பது வதந்தியால் விளையும் நட்டம் எனப் பொருள்படும். 2023 ஆகஸ்ட் 24இல் புக்குஷிமாவின் சுத்திகரிக்கப்பட்ட நீர் பசிபிக்கில் விடப்படத் தொடங்கியபோது இச்சொல் எங்கும் ஒலித்தது. நீரில் எஞ்சிய திரித்தியம் லீற்றருக்கு 1,500 பெக்கரலுக்குக் குறைவாக இருக்குமாறு ஐதாக்கப்படுகின்றது. சர்வதேச அணுசக்தி முகவரகம் அவ்வாண்டு யூலையில் இத்திட்டம் பன்னாட்டு நியமங்களுக்கு இசைவானதென அறிவித்திருந்தது. சீனா அன்றே யப்பானியக் கடலுணவு முழுவதையும் தடைசெய்தது. தென்கொரியாவில் மக்கள் முன்னதாகவே கடலுப்பை வாங்கிக் குவித்தனர். அளவீடுகளை நோக்குமிடத்து இவ்வச்சம் மிகையானதே. கடலுணவில் இயற்கையாகவே உள்ள பொலோனியம் 210 என்பதால் மனிதர் பெறும் கதிர்வீச்சு, இந்நீரால் வரக்கூடியதிலும் பெரிது. ஆயினும் 'வதந்தி நட்டம்' என்ற சொல் ஒரு தந்திரமும் செய்கின்றது. மீனவருக்கு நேர்ந்த நட்டத்துக்குப் பொறுப்பு உலையை நடத்தியவரிடமிருந்து நழுவி, மீன் வாங்கத் தயங்கிய தாயின் தலையில் ஏறிவிடுகின்றது.

இலங்கையில் இதற்கு நேரொத்த கதிரியக்க நிகழ்ச்சி இல்லை. எனினும் அச்சத்தின் போக்கு நன்கறியப்பட்டது. 2004 ஆழிப்பேரலையின் பின் கடல் கொண்ட உடல்களை எண்ணி மக்கள் பல வாரங்கள் மீனை வெறுத்தனர். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பல் யூன் 2இல் மூழ்கத் தொடங்கியபோதும் மீன் வாங்குவோர் தயங்கினர். இரு வேளைகளிலும் உண்போர் வேறு உணவை நாடினர். மீனவர்க்கு நாட வேறு தொழில் இருக்கவில்லை. தோட்டத்து லயத்திலோ நிலைமை மூன்றாவது வகையினது. நாட்சம்பளத்தில் முட்டையும் இறைச்சியும் எட்டாதபோது கருவாட்டை விலக்குவது என்பது குழம்பை வெறுமையாக்குவதே. அஞ்சுவதா வேண்டாவா என்ற தேர்வு அங்கு வழங்கப்படுவதில்லை. கதிர்மானியும் ஆய்வுகூடமும் கொழும்பில் உள்ளன. பூனாகலைக் கடையில் தராசு மட்டுமே உண்டு.

தமிழில் இப்பொருள்பற்றி எழுதுவோர் கதிர்வீச்சு, கதிரியக்கம், கதிரியக்க மாசு ஆகிய மூன்றையும் ஒன்றென மயக்கி எழுதுவது வேறு. வீச்சு ஆலையின் மதிலோடு நின்றுவிடலாம். மாசோ மீனுடன் பயணம் செய்யும், உப்பிட்டு உலர்த்தினாலும் நீங்காது. இம்மயக்கம் தீராதவரை மக்களுக்கு எதனை அஞ்சவேண்டும், எதனை அஞ்சவேண்டியதில்லை என்று எவரும் கூறமுடியாது. கூறப்படாத இடத்திற் பூதங்கள் பிறக்கின்றன.

குரோசவாவின் படமும் தன் சிறந்த காட்சிக்கு உண்மையாக இருக்கவில்லை. தீயின் பின் அது கிழவரையே தொடர்ந்து செல்கின்றது. மருத்துவமனை அறையின் சாளரத்தில் சூரியனைக் கண்டு, பூமி எரிகின்றதென்று அவர் அலறும் காட்சி புகழ்பெற்றது. ஆனால் அது மிகைப்பட்டது. அதற்குப் பின்வரும் அமைதியான இறுதிக்காட்சி அதனினும் மேலானது. பல் வைத்தியர் இறங்கிச் செல்ல, கிழவரின் இளம் ஆசைநாயகி குழந்தையை முதுகிற் சுமந்து அவரைக் காண மேலேறி வருகின்றாள். இருவரும் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். வார்ப்பாலைத் தொழிலாளர் எவரும் அங்கு இல்லை.