புகழ் பெற்ற நூலும் பெரிய நூலும்

நாட்டலி ஜெமோன் டேவிஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மார்த்தின் கெர் கதைதான். 2023இல் 94ஆம் வயதில் மறைந்த அந்த வரலாற்றாசிரியரை, 1983இல் வந்த அச்சிறு நூலும் முந்தைய ஆண்டு வெளியான திரைப்படமும் துறைக்கு வெளியே கொண்டுசேர்த்தன. ஆனால் அவர் எழுதியவற்றில் சான்று மிக மெலிந்த இடமும் அந்த நூலில்தான் இருக்கிறது.

தென்மேற்குப் பிரான்சின் ஆர்த்திகா கிராமத்திலிருந்து 1548இல் மார்த்தின் ஓடிப்போகிறான். எட்டு ஆண்டு கழித்து, நான்தான் மார்த்தின் என்று ஆர்னோ து தீல் வந்து, அவன் மனைவி பெர்த்ராந்தோடு மூன்று ஆண்டுக்கு மேல் குடும்பம் நடத்துகிறான். வழக்காகிறது. துலூஸ் நீதிமன்றம் அவனை விடுவிக்கவிருந்த நேரத்தில் மரக்கால் ஊன்றி உண்மையான மார்த்தின் வந்து நிற்கிறான். 1560இல் ஆர்னோவுக்குத் தூக்கு.

விசாரித்த நீதிபதி ழான் த கோராஸ் எழுதிவைத்த நூலில் பெர்த்ராந்த் ஏமாற்றப்பட்டவள். டேவிஸோ, அவள் தெரிந்தே அவனை ஏற்றுக்கொண்டாள் என்றார். 1988இல் ராபர்ட் ஃபின்லே இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். டேவிஸ் விரிவாகவே மறுமொழி எழுதினார். கூட வாழ்ந்தவளுக்கு வேற்றாள் என்று தெரியாமலா போகும் என்ற அவரது வாதம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் சாட்சிகளின் வாக்குமூலங்கள் அழிந்துபோன வழக்கு இது. நியாயமான ஊகம் ஊகமாகவே நிற்கும். இந்த ஒரு புள்ளியில் ஃபின்லே சொன்னதே சரி.

அதை வைத்து டேவிஸின் முழு உழைப்பையும் எடைபோடுவது பெரும் பிழை. 1952இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவைக் கண்டித்து வந்த துண்டுநூல் ஒன்றின் பொருட்டு அவருடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. லியோன் அச்சுத் தொழிலாளர்களை ஆராய்ந்துகொண்டிருந்தவரால் பிரான்சின் ஆவணக் காப்பகங்களுக்குப் போக முடியவில்லை. அமெரிக்க நூலகங்களில் இருந்த பதினாறாம் நூற்றாண்டு அச்சுநூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவை யார் கையில் எப்படிப் புழங்கின என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியின் விளைச்சல் 1975இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் தெரிகிறது. அதில் மதக் கலவரங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றே போதும். கத்தோலிக்கக் கூட்டமும் புராட்டஸ்டண்ட் கூட்டமும் வெறிபிடித்துச் சிதறிய கும்பல்கள் அல்ல. குருவின் வேலையையும் நீதிபதியின் வேலையையும் தாங்களே எடுத்துக்கொண்டு, சடங்கின் ஒழுங்கோடு கொன்றன, உடைத்தன என்று காட்டினார். படிக்கும்போது வயிறு கலங்குகிறது. கூட்டத்தின் வன்முறைக்கு ஒரு பொருள் உண்டு என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன எழுத்து குறைவு.

மகுடம் வைக்கச் சொன்னால் 1987இல் வந்த, மன்னிப்பு விண்ணப்பங்களைப் பற்றிய நூலுக்குத்தான் வைப்பேன். கொலை செய்தவர் அரசனிடம் உயிர்ப்பிச்சை கேட்டு, எழுத்தரிடம் தன் கதையைச் சொல்கிறார். அதில் எது உண்மை என்று டேவிஸ் துருவவில்லை. கதை எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தார். கோபம் தலைக்கேறிவிட்டது என்பது ஆணுக்குக் கைகொடுத்த சமாதானம். பெண் அப்படிச் சொல்லித் தப்புவது கடினம். இங்கே எவர் மனதுக்குள்ளும் அவர் ஊகித்து நுழைய வேண்டியதில்லை. சொன்ன விதமே சான்றாக முன்னால் கிடக்கிறது. ஃபின்லேயின் கண்டனம் அச்சேறுவதற்கு ஓர் ஆண்டு முன்பே இந்த நூல் வந்துவிட்டது.