எழுத்துப் பெயர்ப்பும் மீட்சியும்

வடசொல்லைத் தமிழில் ஆளுங்கால் அதன் சிறப்பெழுத்துக்களை விடுத்துத் தமிழெழுத்தாலேயே எழுதுக என்பது தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த விதி. நன்னூலார் இதனை விரித்து, ஆகார ஈறு ஐகாரமாகும் என்பார். மாலா மாலையானது இவ்வாறே. ஊவாத் தோட்டத் தமிழர் நன்னூல் கற்று ஊர்ப்பெயர் வழங்கினாரல்லர். ஆயினும் பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை எனச் சிங்கள ஊர்ப்பெயர்கள் அவர் நாவில் ஐகாரத்திலேயே முடிகின்றன. (லுணுகலையின் முதலெழுத்தை இலக்கணம் ஏற்காது, ஊர் ஏற்றுக்கொண்டது.)

ஊர்ப்பெயர் தமிழுக்குள் வந்தது. ஆட்பெயரோ தமிழினின்று வெளியே சென்றது. தோட்டத்துச் செக்ரோலில் அது ஆங்கில எழுத்தில் ஏறிற்று. பிறப்புப் பதிவேட்டிற் பலகாலும் சிங்களத்தில் ஏறிற்று. சிங்களத்தில் லகர ளகரங்கள் உண்டு. ஆதலின் வள்ளி வேறு, வல்லி வேறு என அங்கே காட்டலாம். ழகரம் மட்டும் இல்லை. ஆங்கிலத்திலோ மூன்றும் ஒன்றே. நெடில் குறில், ரகர றகரம், நகர ணகரம் யாவும் அவ்வாறே கலந்துவிடும்.

ஆங்கில எழுத்தின் இயலாமை அன்று இது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதே எழுத்தைக் கொண்டே ளகரத்தின் கீழ்ப் புள்ளியும் ழகரத்தின் கீழ்க் கோடும் இட்டுப் பிழையின்றிப் பெயர்த்தது. குறியீடு இருந்தமையால் திரும்பும் வழியும் இருந்தது. இன்றைய கணிப்பொறியிலும் லகரத்துக்கு 2994, ளகரத்துக்கு 2995, ழகரத்துக்கு 2996 என ஒன்றற்கொன்று மயங்காத எண்கள் உள. எண்ணாகச் சென்ற எழுத்து எழுத்தாகவே மீளும். பெயர்த்த முறை எதுவோ அதனையே தலைகீழாகக் கொண்டு மீட்டல் வேண்டும் என்பதே ஆங்குள்ள நியதி. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. மீட்பவர் தம் செவியை நம்பினார்.

இதனைச் சிறு எழுத்துப்பிழை எனத் தள்ளுவது பொருந்தாது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னரும் விண்ணப்பித்தோர்க்கு ஏட்டிலுள்ள பெயரே ஆளைக் காட்டுஞ் சான்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தும், ஏட்டுப்பெயர் திருந்தவில்லை. தந்தை பழனி, மகனின் பத்திரத்தில் அவர் பலனி. இருவரும் ஒருவரே எனச் சத்தியக்கடதாசி முடித்து, மகன் பதுளைக் கச்சேரியில் வரிசையில் நிற்கிறான்.