துடுப்பும் செயற்கைக்கோளும்

ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாய்கள் நிறைந்த ஆய்வுக்கூடமே உங்கள் நினைவுக்கு வரும். சேறு படிந்த சிறு படகு ஒன்றும் ஆய்வுக்கூடம் ஆகலாம் என்பதை, அமிதவ் கோஷ் 2004-இல் வெளியிட்ட 'தி ஹங்ரி டைட்' என்னும் ஆங்கில நாவல் காட்டுகிறது.

கதை நிகழுமிடம் சுந்தரவனம். இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாகச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரவியுள்ள சதுப்புநிலக் காடு அது. ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு ஒரு முறை அங்குள்ள ஆறுகளில் கடல்நீர் ஏறி வற்றுகிறது. வற்றினால் ஓடைகள் பல வெறும் சேறாகிவிடும். நீரின் நேரம் அறியாதவர் அங்கே மீன் பிடிப்பதும் அரிது, வீடு திரும்புவதும் அரிது.

ஐராவதி டால்பின்களை ஆராய அமெரிக்காவிலிருந்து வருகிறார் பியா. நண்டு பிடிக்கும் ஃபோகிர் எழுதப் படிக்கத் தெரியாதவர். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆயினும் ஒரே படகில் இருவர் வேலையும் நடக்கிறது. நீண்ட கயிற்றில் இடைவெளி விட்டு இரையும், அது அமிழ ஓட்டுத் துண்டுகளும் கட்டி ஃபோகிர் நீரில் இடுகிறார். பிறகு அக்கயிற்றைப் பிடித்தபடியே படகைச் செலுத்தி, இரையை விடாமல் பற்றிவரும் நண்டுகளை வலையில் அள்ளுகிறார். படகு நேர்க்கோட்டில் போய் வருவதால் பியா ஆற்றின் ஆழத்தை வரிசையாக அளந்துகொள்கிறார். ஒருவருக்குச் செயற்கைக்கோள் வேண்டும். மற்றவருக்கு உடைந்த ஓடு போதும். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

நீர் வற்றும்போது டால்பின்கள் ஆழமான மடுவில் கூடி, ஏறும்போது பிரிந்து செல்கின்றன என்று பியா கருதுகிறார். மாணவர்களே, இதனை நாவல் முன்வைக்கும் கருதுகோளாகவே கொள்ளுங்கள். நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ள வேண்டாம். ஆயினும் கவனித்தல், அளத்தல், ஐயுறுதல் என்னும் படிகளை ஆசிரியர் செவ்வையாகக் காட்டியுள்ளார்.

குறை வேறிடத்தில் உள்ளது. பியாவின் சிந்தனை படிப்படியாக விளக்கப்படுகிறது. அவரை அந்த மடுவுக்கு அழைத்துச் சென்ற ஃபோகிரின் சிந்தனையோ பெரும்பாலும் மௌனத்திலேயே நின்றுவிடுகிறது. தாய் சொல்லித் தந்தது, ஆறு அவர் இரத்தத்தில் ஊறியது என்ற அளவில் ஆசிரியர் நிறைவு கொள்கிறார். கயிற்றை இங்கே இடலாம், அங்கே கூடாது என்று அவர் எப்படி முடிவு செய்தார்? எத்தனை முறை தவறித் திருத்திக்கொண்டார்? நூலில் இதற்கு விடை இல்லை. புயலில் அவர் மாண்டபின், அவர் காட்டிய வழிகள் பியாவின் கருவியில் எஞ்சுகின்றன. ஆய்வுத் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டப் பியா விரும்புகிறார். நெஞ்சைத் தொடும் முடிவுதான். ஆனால் கருவியில் பதிந்த பிறகுதான் ஓர் உழைப்பாளியின் அறிவு அறிவியல் ஆகுமா?

படகோட்டியின் அறிவை இயல்பூக்கம் என்பது புகழுரைபோல் தோன்றும். உண்மையில் அது அவர் கற்ற கல்வியை மறுப்பதாகும். இந்நூலை அவசியம் படியுங்கள். படிக்கும்போது துடுப்புப் பிடித்த கையையும் கவனியுங்கள்.